நிலக்கரி ஊரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர்

மழையும் மூட்டமும் விடாமல் நிற்கும் நாட்களில், கேமரன் மலையில் தக்காளி போட்டவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். இலையில் கறுப்பாக ஒரு திட்டு விழும். சில நாட்களில் செடியே அழுகிவிடும். இந்தக் கருகல் நோயைக் கொண்டுவரும் கிருமிதான் 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கைத் தாக்கியது. அதனால் வந்த பஞ்சத்திலும் நோயிலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள்.

அந்தக் கிருமியை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் திருமலாதேவி கன்னெகன்டி. இன்றைய தெலுங்கானாவில், சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள கொத்தகூடம் என்ற ஊரைச் சேர்ந்தவர். அவ்வூர்ப் பெண்கள் கல்லூரியில்தான் வேதியியலும் விலங்கியலும் தாவரவியலும் படித்தார். நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். பிறகு உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார்.

கிருமி இலைக்குள் நுழைந்தால் செடி என்ன செய்யும்? காட்டுத்தீ பரவாதிருக்க நடுவே ஒரு பட்டை வெட்டிவிடுகிறோம் அல்லவா? அதுபோல, கிருமியைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் தாமே மடிந்து அதன் வழியை அடைக்கும். உயிரணு என்பது உடலைக் கட்டியிருக்கும் மிகச் சிறு கூறு. அது கெட்டுப்போய்த்தான் சாகும் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். ஒழுங்காகத் தன்னையே முடித்துக்கொள்ளும் சாவும் உண்டு என்பதை 1972-இல் கெர், வில்லி, கர்ரி என்ற மூவர் விளக்கி அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

கன்னெகன்டியும் சக ஆராய்ச்சியாளர்களும் கருகல் கிருமியின் இரண்டு புரதங்களைப் புகையிலை இனச் செடி ஒன்றில் சோதித்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது உயிரணுச் சாவு மிகுந்தது. இது 2006-இல் வெளியானது. அதே ஆண்டில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த வேறொரு ஆராய்ச்சியும் வெளிவந்தது. அது செடியைப் பற்றியதல்ல. விலங்குகளின் உயிரணுக்குள் காவல் இருந்து, கிருமியின் தடயம் கண்டதும் அழற்சியை மூட்டிவிடும் ஒரு புரதத்தைப் பற்றியது. கால் சுளுக்கினால் சிவந்து, சுட்டு, வீங்குகிறதே, அதுதான் அழற்சி. அளவோடு இருந்தால் அது காவல். மிஞ்சினால் உடலையே எரிக்கும் நெருப்பு.

2007-இல் அவர் மெம்பிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே இருக்கும்போதுதான் 2020-இல் கொரோனா வந்தது. கடுமையாக நோய்ப்பட்டவர்களின் இரத்தத்தில், ஓர் உயிரணு மற்றொன்றுக்கு அனுப்பும் அபாயச் செய்திகள் வெள்ளமாகப் பெருகியிருந்தன. எந்தச் செய்தி ஆளைக் கொல்கிறது? அவர் குழு ஒவ்வொன்றாகச் சோதித்தது. தனித்தனியே எதுவும் உயிரணுவை அப்படிக் கொல்லவில்லை. டி.என்.எஃப்., இன்டர்ஃபெரான் காமா என்ற இரண்டும் கைகோத்தபோதுதான் உயிரணுக்கள் வெடித்துச் செத்தன. புகையிலைச் செடியில் பார்த்த பழைய கதைதான்! நோயுற்ற எலிகளில் அவ்விரண்டையும் சேர்த்துத் தடுத்தபோது பல எலிகள் பிழைத்தன.

டி.என்.எஃப்.பைத் தடுக்கும் மருந்து முடக்குவாத நோயாளிகளுக்கு முன்பிருந்தே கொடுக்கப்படுவதுதான். ஆனாலும் எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்கும் என்று அவசரப்படக் கூடாது. நெருப்பை அணைத்தால் காவலும் தளரும். அம்மருந்தைப் பெறுபவர்களுக்கு, உடலில் அடங்கிக் கிடந்த காசநோய் மீண்டும் தலைதூக்குவது உண்டு. ஆகவே அதைத் தொடங்கும் முன் மருத்துவர்கள் காசநோய் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறார்கள்.