இமைக்குள் நிகழ்ந்தவை: மின்பொறி ஒளிப்பட வரலாறு

காலத்தை அளக்கத் தமிழ் இலக்கணம் கண்ணையும் கைவிரலையும் துணைக்கொண்டது. கண் இமைக்கும் பொழுதும் விரல் நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை என்பது தொல்காப்பியம் வகுத்த அளவு. உடலே கருவியாக இருந்த காலத்தின் அளவு அது. ஆயினும் ஓர் இமைப்பொழுதுக்குள் எண்ணற்ற செயல்கள் தொடங்கி முடிந்துவிடுகின்றன. குளத்தில் மழைத்துளி விழுவதை அனைவரும் காண்கின்றனர். விழுந்த இடத்தில் நீர் எழும்பி, விளிம்பு கட்டி, உடைந்து அடங்கும் வரிசையைக் கண்ணால் பிரித்தறிய இயலாது. அதனைப் பிரித்துக் காட்டியது மின்பொறி.

1834-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன், விரைந்து சுழலும் கண்ணாடி ஒன்றின் துணையால் மின்பொறியின் ஆயுளை ஆராய்ந்தார். பொறி நெடுநேரம் நீடிப்பின் சுழலும் கண்ணாடியில் அதன் உருவம் கோடாக நீளும். மிகக் குறுகியதாயின் நீளாது நிற்கும். அவ்வாறு நீளாது நின்ற பொறிகள், இருளில் ஓடும் பொருளையும் நின்ற பொருள்போல் காட்டவல்லவை என்பது தெளிவாயிற்று.

இந்த உண்மையை ஒளிப்படத்துக்குக் கொண்டுவந்தவர் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1851-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், ‘தி டைம்ஸ்’ நாளிதழின் தாள் ஒன்றைச் சக்கரத்தில் ஒட்டி விரைவாகச் சுழலவிட்டார். அறை இருட்டாக்கப்பட்டது, கேமராவின் கண் திறந்தே இருந்தது. லெய்டன் ஜாடிகளில் சேர்த்த மின்சாரம் ஒரே பொறியாகப் பாய்ந்தது. தட்டில் பதிந்த படத்தில் எழுத்துகளைப் படிக்க முடிந்தது. கேமராவைத் திறந்து மூடும் வேகம் அங்கே பொருட்டன்று. ஒளி இருந்த நேரமே படம் பதிந்த நேரம். பின்வந்த அனைத்துக்கும் இதுவே அடிப்படையாயிற்று.

அடுத்த பெருமுயற்சி போர்க்களத்திலிருந்து எழுந்த ஒரு கேள்வியால் விளைந்தது. 1870-71 பிரெஞ்சு-பிரஷ்யப் போரில் வீரர்களின் உடலில் குழிபோன்ற கொடிய காயங்கள் காணப்பட்டன. தடைசெய்யப்பட்ட வெடிகுண்டுத் தோட்டாக்களே காரணம் எனக் குற்றச்சாட்டு எழுந்தது. தோட்டாவின் முன்னே நெருக்குண்டு செல்லும் காற்றே காரணமாகலாம் என்றார் பெல்ஜிய அறிஞர் மெல்சன்ஸ். இதனைச் சோதிக்க முனைந்தார் பிராகில் இருந்த எர்ன்ஸ்ட் மாக். அவருடைய ஆலோசனையின்படி 1886-இல் ஃபியூமே நகரில் பேட்டர் சால்ஹர் படமெடுத்தார். பறக்கும் தோட்டாவே மின்சுற்றை இணைத்துத் தன்னைக் காட்டும் பொறியைத் தூண்டியது. ஒலியை விஞ்சிச் செல்லும் தோட்டாவின் முன்னே, படகின் முகப்பில் எழும் அலையைப்போல், வளைந்த அதிர்வலை ஒன்று படத்தில் தெரிந்தது. காற்றையே படமெடுத்த அருஞ்செயல் அது. ஒலிவேகத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் பின்னாளில் மாக்கின் பெயரே சூட்டப்பட்டது.

இவ்வரலாற்றில் கலைஞர்கள் ஆழ்ந்து எண்ணவேண்டிய பகுதி ஆர்தர் வொர்திங்டனுடையது. 1870-களில் துளி தெறிக்கும் முறையை அவர் ஆராயத் தொடங்கியபோது ஒளிப்படம் அதற்குப் பயன்படவில்லை. இருண்ட அறையில் பாதரசத் துளியோ பால்துளியோ விழும். குறித்த கணத்தில் ஒரு பொறி மின்னும். விழித்திரையில் தங்கிய காட்சியை அவர் உடனே வரைவார். அடுத்த துளிக்குப் பொறியைச் சிறிது தாமதப்படுத்துவார். அடுத்த நிலையை வரைவார். இவ்வாறு துளியின் வரலாறு படிப்படியாக உருவாயிற்று. அவர் வெளியிட்ட சித்திரங்களில் ஒவ்வொரு தெறிப்பும் செம்மையான சமச்சீர் உடையது. கதிர்கள் ஒத்த இடைவெளியில் விரிந்தன. விளிம்பு மலரிதழ்போல் ஒழுங்காக மடிந்தது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின் ஒளிப்படத் தட்டுகள் போதிய கூர்மை பெற்றன. 1894 அளவில் வொர்திங்டன் பொறியின் ஒளியிலேயே துளியைப் படமெடுத்தார். படங்களில் அந்தச் செம்மை இல்லை. ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும், கதிர் ஒன்று நீண்டும் ஒன்று முறிந்தும் துளிகள் தெறித்திருந்தன. அவர் தம் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தார். கோணலான தெறிப்புகள் பல அவற்றிலும் இருந்தன. அவருடைய கண் அவற்றைக் கண்டிருந்தது; கையும் வரைந்திருந்தது. ஆனால் வெளியிடத் தேர்ந்தபோது, கோணலானவை தற்செயலாக நேர்ந்த பிழைகள் என ஒதுக்கப்பட்டன. எந்தத் துளியிலும் முழுமையாக நிகழாத ஓர் இலட்சியத் தெறிப்பே மனத்தில் நிறைந்து நின்றது.

இதனை வொர்திங்டன் மறைக்கவில்லை என்பதே அவருடைய பெருமை. தம் மனம் தம்மை எவ்வாறு வழிநடத்தியது என்பதை அவரே எழுதிவைத்தார். பின்னர் ஆர். எஸ். கோல் என்பவரோடு சேர்ந்து நூற்றுக்கணக்கில் படமெடுத்து, 1908-இல் தம் ஆய்வை விரிவான நூலாக வெளியிட்டார். அதில் துளிகள் விழுந்தபடியே இடம்பெற்றன.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலையை உலகறியச் செய்தவர் அமெரிக்காவின் ஹெரால்ட் எட்ஜர்டன் (1903-1990). எம்.ஐ.டி.யில் சுழலும் மின்மோட்டாரை ஆராய்வதற்காக, 1931 அளவில், விட்டுவிட்டு ஒளிரும் ஸ்ட்ரோபாஸ்கோப் விளக்கை அவர் உருவாக்கினார். மின்தேக்கியில் சேர்த்த ஆற்றல் வாயு நிரம்பிய குழாயில் ஒரே பாய்ச்சலாக வெளிப்படும் இம்முறையே, பின்னாளில் கேமராக்களில் பொருந்திய எலக்ட்ரானிக் பிளாஷுக்கு முன்னோடி. 1964-இல் ஆப்பிளைத் துளைத்துச் செல்லும் தோட்டாவை அவர் படமெடுத்தார். வினாடிக்கு 850 மீட்டர் செல்லும் தோட்டா, ஆயிரத்தில் ஒரு வினாடிக்குள் 85 சென்டிமீட்டர் கடந்துவிடும். அந்த ஒளியில் அது வெறும் கீற்று. பத்து இலட்சத்தில் ஒரு வினாடியிலோ அது கடப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் ஒளியின் ஆயுள் குறையக் குறைய ஒளியின் அளவும் குறையும். ஆகவே விளக்கைப் பொருளுக்கு மிக அருகில் வைப்பதும், உரிய கணத்தில் அதைத் தூண்டுவதும் இக்கலையின் பாதித் திறன். ஆப்பிள் படத்தில் துப்பாக்கியின் ஓசையே ஒலிவாங்கி வழியாக விளக்கைத் தூண்டியது.

இதே அறிவு போருக்கும் சென்றது. 1944-இல் நார்மண்டித் தரையிறக்கத்தை ஒட்டி, விமானத்திலிருந்து இரவில் நிலத்தைப் படமெடுக்க எட்ஜர்டனின் பெரும் பிளாஷ் விளக்குகள் உதவின. பின்னர் அணுகுண்டுச் சோதனைகளைப் படமெடுக்கும் கேமராவையும் அவர் அமைத்தார். அங்கு விளக்குத் தேவைப்படவில்லை. குண்டே கண்கூசும் ஒளியாயிருந்தது. அதனைக் கணப்பொழுதில் மறைக்கும் திரையே தேவையாயிற்று.

எட்ஜர்டனும் பால்துளியை விடவில்லை. 1930-கள் முதல் பலமுறை முயன்றார். 1957-இல் எடுத்த வண்ணப்படம் உலகப் புகழ்பெற்றது. செம்பரப்பில் வெண்முடிபோல் எழுந்த அப்பால் விளிம்பிலும் மணிகள் ஒன்றுபோல் இல்லை. வொர்திங்டன் கண்ட உண்மையை அதுவும் உறுதி செய்தது.

அதன்பின் ஒளித்துடிப்பின் ஆயுள் மேலும் குறுகியது. லேசர் துடிப்புகளால் வேதிவினையின் நடுநிலையை ஆராய்ந்த அகமது சிவெயில் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். எலக்ட்ரான்களின் அசைவைத் தொடும் அட்டோ வினாடித் துடிப்புகளுக்காக 2023-இல் பியர் அகோஸ்தினி, ஃபெரன்ஸ் கிராவுஸ், ஆன் லூயிலியே ஆகியோர் அப்பரிசைப் பெற்றனர்.

கருவிகள் நுண்மையாகியும் வொர்திங்டனின் குறிப்பேடு எழுப்பிய கேள்வி பழமையடையவில்லை. துளி கோணலாகத் தெறித்ததை அவர் காணாமல் இல்லை. கண்டதை அழகின் பெயரால் விலக்கினார். தாம் விலக்கியதை ஒப்புக்கொண்டு மீண்டும் பார்க்க அவருக்கு இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன. காட்சியைச் சொல்லில் நிறுத்த முயலும் எவரும் தம் குறிப்பேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று.