ஒளிரும் கட்டி

மூளைப் புற்றுக்கட்டிக்கு எல்லைக்கோடு கிடையாது. நல்ல திசுவுக்குள் ஊடுருவியிருக்கும் அதன் ஓரம் வெறுங்கண்ணுக்குத் தனியாகப் புலப்படாது. சாயமேற்றி அதை ஒளிரவைக்கும் வழியை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மூர் 1940-களின் இறுதியில் சோதித்தார். அவர் எடுத்துக்கொண்டது, 1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் உருவாக்கிய ஃபுளோரசீன். யோசனை நல்லதுதான், ஆனால் அந்தச் சாயம் புற்றுச்செல்லைத் தேடிப் போவதில்லை, ரத்தக்குழாய் கசியும் இடமெல்லாம் தேங்கிவிடும்.

அடுத்த பெரிய திருப்பம் வர அரை நூற்றாண்டு ஆனது. ஜெர்மனியில் வால்டர் ஷ்டும்மர் குழு, கட்டியையே சாயம் தயாரிக்க வைத்தது. அறுவைக்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு நோயாளி 5-அமினோலெவுலினிக் அமிலம் கரைத்த நீரைக் குடிக்கிறார். உடல் ஹீம் நிறமியை உண்டாக்கும் பாதையில் இதுவும் ஒரு படி. கட்டிச் செல்களில் அந்த வேலை பாதியில் தங்கி, புரோட்டோபார்ஃபிரின் என்ற ஒளிரும் பொருள் சேர்ந்துவிடுகிறது. நுண்ணோக்கியை நீல ஒளிக்கு மாற்றியதும் கட்டி தணல்போலச் சிவந்து தெரியும். 2006-இல் வெளியான அவர்களது ஆய்வில், ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுதும் நீங்கியவர்கள் வெள்ளை ஒளியில் 36 விழுக்காடு, நீல ஒளியில் 65. ஆயுள் அந்த அளவுக்குக் கூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்கா இந்த முறையை 2017-இல் அனுமதித்தது. 2021-இல் சூலகப் புற்று அறுவைக்கு, புற்றுச்செல்லின் ஃபோலேட் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும் பாஃபோலாசயனின் என்ற சாயம் அங்கே அனுமதி பெற்றது.