வள்ளலும் விண்ணப்பமும்

அருப்புக்கோட்டை அருகே பாலவனத்தத்தின் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ‘அபிதான சிந்தாமணி’ என்ற கலைக்களஞ்சிய அகராதியை அச்சிடப் பலரிடம் உதவி கேட்டும் கிடைக்காமல் நின்ற ஆ. சிங்காரவேலு முதலியாருக்குக் கைகொடுத்தவரும் அவரே. 1910-இல் நூல் வெளிவந்தது. மறு ஆண்டே தேவர் மறைந்தார். ஒரு மனிதரின் மனத்தையும் ஆயுளையும் நம்பி நிற்பதுதான் வள்ளலை நாடும் அந்தப் பழைய வழியின் பலவீனம். அகராதி வேலைக்கு அது எப்படியோ போதுமானதாக இருந்தது. குழந்தை நலத்தை ஆராயும் இளம் மருத்துவருக்குப் போதாது. பிள்ளைகளின் எடையையும் நோயையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும், நடுவில் பணம் நின்றால் சேர்த்த கணக்கெல்லாம் வீண். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டனின் வெல்கம் அறக்கட்டளையும் 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ், தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கு 5 ஆண்டு நல்கை என்று வகுத்தது இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது.

இந்த நல்கைக்கான விண்ணப்பம், மதிப்பீடு, நேர்காணல் என்ற முறை, ஆங்கிலத்தில் சாமர்த்தியமாக எழுதத் தெரிந்தவருக்கே சாதகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் வள்ளலின் வாசலில் விதி என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. இங்கே தகுதியும் கெடுவும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றன. எழுத்துத் திறமை குறையென்றால் அதைக் கற்றுக்கொடுக்கலாம். கரிசல் காட்டுப் பிள்ளைகளைப் பற்றிய கேள்விகள் கரிசல் காட்டு மருத்துவர்களிடமிருந்தே வரவேண்டுமானால், நம் மருத்துவக் கல்லூரிகள் விண்ணப்பம் எழுதுவதைப் பாடமாகவே வைக்கட்டும்.