பாரிஸில் பதிவான கேப் டவுன்

‘டியூக் எலிங்டன் பிரசண்ட்ஸ் த டாலர் பிராண்ட் டிரியோ’ 1963 பிப்ரவரியில் பாரிஸின் பார்க்லே ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான ஜாஸ் இசைத்தட்டு. நிறவெறி ஆட்சியின் கெடுபிடி தாங்காமல் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறிய பியானோ கலைஞர் டாலர் பிராண்டை உலகம் அறியச் செய்தது இதுவே. 1968இல் இஸ்லாத்தைத் தழுவிய பின் அவர் பெயர் அப்துல்லா இப்ராஹிம்.

கேப் டவுனில் 1934 அக்டோபர் 9 அன்று பிறந்தவர் அவர். பாட்டி தேவாலயத்தில் பியானோ வாசித்தவர். வீட்டில் ஞானப்பாடல்; தெருவில் புத்தாண்டு ஊர்வலத்தின் பறைத்தாளம்; கறுப்பினக் குடியிருப்புகளில் மராபி நடன இசை; துறைமுகத்துக்கு வரும் மாலுமிகளிடம் அமெரிக்க ஜாஸ் தட்டுகள். இவை அனைத்தையும் கேட்டே அவர் விரல்கள் பழகின.

அவரும் டிரம்பெட் கலைஞர் ஹியூ மசகேலா, சாக்சஃபோன் கலைஞர் கிப்பி மூகெட்சி முதலியோரும் சேர்ந்த ‘ஜாஸ் எபிசில்ஸ்’ குழு 1960 ஜனவரியில் ஒரு நெடுந்தட்டைப் பதிவு செய்தது. தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் முதல் ஜாஸ் நெடுந்தட்டு அது; அச்சானவை 500 பிரதிகளே. இரண்டே மாதங்களில், மார்ச் 21 அன்று, ஷார்ப்வில்லில் நிறவெறிச் சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்களைப் போலீசார் சுட்டதில் 69 பேர் இறந்தனர். நெருக்கடிநிலை வந்தது. மக்கள் கூடுவதே குற்றமான நாட்டில் ஜாஸ் மேடைகள் அடங்கின. மசகேலா அதே ஆண்டு வெளியேறினார்.

1962இல் பிராண்டும், பின்னாளில் அவர் மனைவியான பாடகி சத்திமா பீ பெஞ்சமினும் சுவிட்சர்லாந்து சென்றனர். பேஸ் கலைஞர் ஜானி கெர்ட்ஸி, டிரம்ஸ் கலைஞர் மகாயா என்ட்ஷோகோ இருவருடன் சூரிச்சின் ‘ஆஃப்ரிகானா’ விடுதியில் பிராண்ட் வாசித்துவந்தார். 1963 பிப்ரவரியில் அமெரிக்க ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் சூரிச் வந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் சத்திமா நேரில் போய்ப் பேசி, அவரை அந்த விடுதிக்கு அழைத்துவந்தார். கேட்டு வியந்த எலிங்டன், ஃபிராங்க் சினாட்ரா தொடங்கிய ரிப்ரைஸ் நிறுவனத்துக்காகச் சில நாட்களிலேயே பாரிஸில் பதிவுக்கு ஏற்பாடு செய்தார்.

ஊரை விட்டு வந்தவரின் தட்டில் ஊரே நிறைந்திருக்கிறது. ‘கிப்பி’ என்ற இசை, தாயகத்திலேயே தங்கிவிட்ட மூகெட்சிக்குக் காணிக்கை. ‘உபு சுகு’ என்ற தலைப்புக்கு சூலு, கோசா மொழிகளில் இரவு என்று பொருள். எலிங்டன், தெலோனியஸ் மங்க் ஆகிய அமெரிக்கக் கலைஞர்களிடம் கற்ற அழுத்தமான பியானோ நடையில் கேப் டவுனின் தேவாலயமும் தெருவும் ஒலிக்கின்றன.

எலிங்டனின் பெயர் தாங்கி வெளிவந்த தட்டு பிராண்டுக்குக் கதவுகளைத் திறந்தது. 1965இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் வாசித்தார்; 1966இல் எலிங்டனுக்குப் பதிலாக அவருடைய வாத்தியக் குழுவையே சில நிகழ்ச்சிகளில் நடத்தினார். 1974இல் தாயகம் சென்றிருந்தபோது பதிவு செய்த ‘மானன்பர்க்’ என்ற இசை, நிறவெறி எதிர்ப்பின் கீதமானது. 1976 சொவேட்டோ மாணவர் எழுச்சிக்குப் பின் மீண்டும் வெளியேறியவர், மண்டேலா விடுதலையான 1990இல் திரும்பினார்; 1994இல் மண்டேலாவின் பதவியேற்பு விழாவில் வாசித்தார்.

பாரிஸ் பதிவுக்கு இன்னொரு பாதி உண்டு. அங்கே சத்திமாவும் பாடினார். எலிங்டன், பில்லி ஸ்ட்ரேஹார்ன், பிராண்ட் மூவரும் மாறி மாறிப் பியானோ வாசிக்க, டென்மார்க்கின் ஸ்வென்ட் அஸ்முசன் வில்லின்றி விரலால் மீட்டி வயலின் வாசித்தார். ரிப்ரைஸ் அதை வெளியிடவில்லை. தொலைந்துபோனதாகவே கருதப்பட்ட அந்தப் பதிவின் பிரதியை ஒலிப்பொறியாளர் கெர்ஹார்ட் லேனர் பாதுகாத்து வைத்திருந்தார். 1997இல் ‘எ மார்னிங் இன் பாரிஸ்’ என்ற பெயரில் அது வெளிவந்தது. எலிங்டனை அந்த விடுதிக்கு அழைத்துவந்தவரின் குரல் கேட்பவரை வந்தடைய 34 ஆண்டுகள் ஆயின.