நண்டுதின்னிப் பறவையும் வகைப்பாட்டின் தடுமாற்றமும்

1805ஆம் ஆண்டு சுவீடன் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் குஸ்தாவ் வான் பைக்குல் ஒரு கடற்கரைப் பறவைக்கு ‘டிரோமாஸ் ஆர்டியோலா’ என்று பெயரிட்டார். பைக்குல் முதன்மையாக வண்டுகளை ஆராய்ந்தவர்; பறவைத் தோல்கள் அவரது பெருஞ்சேகரிப்பின் ஒரு பகுதி மட்டுமே. அம்மாதிரியின் பிறப்பிடமாக நூல்கள் இன்றளவும் தருவது ‘இந்தியா’ என்னும் ஒற்றைச் சொல்லை. எந்தக் கரை, எந்தப் பருவம், பிடித்தவர் யார் என்பவற்றை அச்சொல் சொல்வதில்லை.

பெயரே ஒரு குழப்பத்தின் பதிவு. டிரோமாஸ் என்றால் ஓடுவது. ஆர்டியோலா என்றால் சிறு கொக்கு. சுமார் 40 செ.மீ. நீளம், கறுப்பு வெள்ளை உடல், நீண்ட கால்கள், நண்டின் ஓட்டை உடைக்கவல்ல தடித்த கரிய அலகு. கடல்நீர் வடிந்த சேற்றுவெளியில் உப்புக்கொத்தியைப் போலச் சிறிது ஓடி, நின்று, மீண்டும் ஓடி நண்டைப் பற்றுகிறது. அலகை மட்டும் பார்த்தவருக்கு அது ஆலாவை நினைவூட்டும்; காலைப் பார்த்தவருக்குக் கொக்கை. எவற்றோடும் முழுமையாகப் பொருந்தாததால் அறிஞர்கள் அதற்கெனத் தனிக் குடும்பம் ஒன்றை வகுத்து, அதில் அந்த ஓர் இனத்தை மட்டும் வைத்தனர். அறியாமைக்கு இட்ட கண்ணியமான பெயர் என்று அக்குடும்பத்தைச் சொன்னால் மிகையாகாது.

இத்தடுமாற்றத்திற்குப் பறவையின் உடல் மட்டுமே காரணமன்று. அது எங்கே பார்க்கப்பட்டது என்பதும் காரணம். கட்ச் வளைகுடா, இலட்சத்தீவு, மன்னார் வளைகுடா ஆகிய இடங்களில் இது பெரும்பாலும் குளிர்கால விருந்தாளி. இனப்பெருக்கமோ பாரசீக வளைகுடா, ஓமான் கரை, செங்கடல், சோமாலியக் கரை ஆகியவற்றின் மணல்தீவுகளில், கடுங்கோடையில் நிகழ்கிறது. இந்தியத் துறைமுகங்களின் வழியே ஐரோப்பா சென்ற தோல்களில் கூட்டின் வரலாறு இருந்திருக்க இயலாது. ‘இந்தியா’ என்ற குறிப்பு பறவையின் தாயகத்தைவிடக் கப்பல் வழிகளையே அதிகம் சொல்கிறது எனலாம்.

கூட்டை அறிந்த பின்னர்தான் இப்பறவையின் உண்மையான விந்தை வெளிப்பட்டது. ஒரு மீட்டருக்கும் மேல் நீளும் மணற்சுரங்கத்தின் முடிவில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. அதுவும் தூய வெண்ணிறம். திறந்த நிலத்தில் முட்டையிடும் ஆட்காட்டி போன்ற உறவினங்களின் முட்டையில் புள்ளிகள் மறைவு தருகின்றன. இருளில் கிடக்கும் முட்டைக்கு அத்தேவை இல்லை. அவ்வுறவினங்களின் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்தில் ஓடி இரை தேடும். நண்டுதின்னியின் குஞ்சோ சுரங்கத்திலேயே தங்கிப் பெற்றோர் கொணரும் நண்டை உண்டு வளர்கிறது. எரித்திரியத் தீவுகளில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு இன்னும் ஒருபடி சென்றது: வெயிலில் காய்ந்த மணலின் வெப்பமே அடைகாப்பின் பெரும்பங்கை ஏற்பதால், பெற்றோர் முட்டையை விட்டு நெடுநேரம் விலகியிருக்க முடிகிறது.

உறவு பற்றிய வழக்கு 2010இல் ஓரளவு தீர்ந்தது. செர்ஜியோ பெரெய்ரா, ஆலன் பேக்கர் இருவரும் மரபணுத் தொடர்களை ஒப்பிட்டு, வறள்நிலத்தில் ஓடித் திரியும் கல்குருவிகளையும் பறந்தவாறே பூச்சி பிடிக்கும் அவற்றின் உறவினங்களையும் நண்டுதின்னியின் நெருங்கிய சுற்றமாகக் காட்டினர். ஆலாவும் அல்ல, கொக்கும் அல்ல. ‘ஓடுவது’ என்ற பைக்குலின் பாதிப் பெயர் மட்டும் தற்செயலாகப் பலித்தது.

ஆனால் அருங்காட்சியகங்களுக்கு எட்டாதிருந்த செய்தி தீவுகளுக்குச் சென்றுவந்த மீனவர்க்கும் எட்டாதிருந்தது என்று கொள்வதற்கில்லை. முட்டைக்காகவும் குஞ்சுக்காகவும் அச்சுரங்கங்களில் கைவிடும் வழக்கம் சில இடங்களில் இன்றும் உண்டு. அவர்களின் அறிவு வகைப்பாட்டு நூல்களில் இடம்பெறவில்லை. அவர்களின் கைகள் மட்டும் பறவைக்கு நேரும் அச்சுறுத்தல்களின் பட்டியலில் இடம்பெறுகின்றன.

உலகில் உள்ளவை 60,000 முதல் 80,000 வரை என்பது பொதுவாகத் தரப்படும் மதிப்பீடு. கூடுகளோ எண்ணத்தக்க சில தீவுகளில் குவிந்துள்ளன. குவைத்தின் புபியான் அவற்றுள் ஒன்று. இந்தியாவின் முதல் கடல்சார் தேசியப் பூங்கா 1982இல் ஜாம்நகர் அருகே கட்ச் வளைகுடாவில் அமைந்தது. அங்கே பாதுகாக்கப்படுவது இப்பறவையின் பாதி ஆண்டு மட்டுமே; மறுபாதி எண்ணெய்க் கப்பல்கள் நெருக்கமாகச் செல்லும் வேறொரு வளைகுடாவின் மணலுக்குள் கழிகிறது.