திராட்சை இரசம் காடியாகாமல் காத்த கதை



யூபிலி மலரில் ஆலய வரலாறு எழுதுவது மரபு. நாம் இங்கே, பீடத்தில் நாள்தோறும் இடம்பெறும் திராட்சை இரசத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

நம் எம்.கே.பி. நகரை அடுத்த பெரம்பூரில் 1856-ல் இரயில்வே தொழிற்சாலை தோன்றியது. அதையொட்டி வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில், கிறிஸ்துமஸ் நெருங்கினால் பீங்கான் ஜாடியில் கருந்திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து ஊறவைப்பர்; சில வாரங்களில் வடித்துப் புட்டிகளில் நிரப்புவர். 1937-ல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. வீட்டு ஒயினும் அதில் அடங்கிற்று. திருப்பலி இரசத்துக்கு உரிமத்தின்பேரில் இடமளிக்கப்பட்டது. மதுக்கடைகள் உள்ள இன்றும், உரிமமின்றி வீட்டில் ஒயின் தயாரிப்பது நம் மாநிலத்தில் குற்றமே.

உரிமத்தில் பெற்ற இரசத்தைக் காப்பதும் எளிதன்று. ஒரு பூசைக்குச் செலவாவது சிறிதளவே. திறந்த புட்டி பல நாள் நிற்கும். நம் ஊர் வெயிலோ கடுமையானது. கெட்டுப்போன இரசம் பீடத்துக்கு உதவாது என்பது திருச்சபைச் சட்டம். 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 924-ஆம் சட்டமும் இதையே கூறுகிறது.

இரசம் ஏன் புளிக்கிறது? 1863-ல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபடி, லூயி பாஸ்டர் இதை ஆராய்ந்தார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம் எனக் கண்டு, 1866-ல் நூலாக வெளியிட்டார். இரசத்தைக் காடியாக்கும் நுண்ணுயிருக்குக் காற்று வேண்டும். புட்டி குறையக் குறைய உள்ளே காற்று பெருகுகிறது; வெப்பம் அதன் வேலையை விரைவாக்குகிறது.

இதிலிருந்தே காக்கும் வழிகளும் விளங்கும். மீந்த இரசத்தை, கழுவி உலர்த்திய சிறு புட்டியில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். கிண்ணத்தில் மீந்ததை மறுபடி புட்டியில் ஊற்றலாகாது. குளிர்பெட்டியில் வைத்தாலும் சாதாரண ஒயின் சில நாட்களே சுவை கெடாதிருக்கும். ஆல்கஹால் மிகுந்தது நெடுநாள் நிற்கும். எனவேதான், வலுக்குறைந்த இரசத்தில் திராட்சையினின்றே வடித்த ஆல்கஹாலைக் குறித்த அளவுக்குச் சேர்க்க உரோமை 1890-ல் இசைந்தது.

கானாவூர்த் திருமணத்தில் கடைசியில் வந்ததே நல்ல இரசம். கல்வாரியில் ஆண்டவருக்கு நீட்டப்பட்டதோ காடி. நம் பீடத்துக்கு நல்லதே வந்துசேர, புட்டியை முகர்ந்து பார்த்து மூடிவைக்கும் உபதேசியார்களையும் சக்ரீஸ்து உதவியாளர்களையும் இந்த யூபிலி நாளில் நன்றியுடன் நினைப்போமாக!