கொழும்பில் மோட்டார் வண்டிப் பேணுகை: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் இறக்குமதிக் கொள்கையை ஆராய்வோர் அரிசி, மா, சீனி என்பவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுவர். நடுத்தர வகுப்பாரின் மோட்டார் வண்டியும் அக்கொள்கையை விளக்கும் நல்ல சான்றாகும். சுதந்திரத்தையடுத்த ஆண்டுகளில் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பிரித்தானிய வண்டிகள் கொழும்பில் மிகுந்தன. 1960ஆம் ஆண்டின் பின்னர் அந்நியச் செலாவணி அருகவே, கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றது. 1977 வரை நிலைமை பெரிதும் மாறவில்லை. வெள்ளவத்தையில் வாழ்ந்த எழுதுவினைஞருக்கும் ஆசிரியருக்கும் பழைய வண்டியைப் பேணுவதன்றி வேறு வழியிருக்கவில்லை.

அது எவ்வாறு இயன்றது? 1952இல் ஒஸ்ரின், மொரிஸ் நிறுவனங்கள் ஒன்றிணைந்தன. ஒஸ்ரினுக்கென ஆக்கப்பட்ட 803 கன சதமமீற்றர் இயந்திரம் அவ்வாண்டிலேயே மொரிஸ் மைனரிலும் இடம்பெறலாயிற்று. ஆகவே ஒன்றின் உறுப்புகள் பல மற்றொன்றுக்கும் பொருந்தின. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிய பிஸ்ரனை இட்டால் இயந்திரம் மறுபிறவி எடுக்கும். பழைய உறுப்புகளுக்குப் பஞ்சிகாவத்தைக் கடைகள் பெயர்பெற்றவை.

உரிமையாளர் தாமே அறிந்திருக்கவேண்டியனவும் இருந்தன. மொரிஸ் மைனரின் முன்சக்கரங்களைத் தாங்கும் கீழ்த் திருகுமூட்டுக்குத் தவறாது கிரீஸ் இடல்வேண்டும். தவறின் திருகு தேய்ந்து மூட்டுக் கழன்று, சக்கரம் மடிந்து வண்டி நிலத்தில் அமரும். பெற்றோலை இறைக்கும் மின்பம்பி ஓய்ந்தால் அதனை மெல்லத் தட்டுவர். தொடுமுனைகள் கரிந்து மின்னைக் கடத்தாமையே அதன் நோய். இவற்றினும் கொடியது துரு. வெள்ளவத்தையின் குறுக்குத் தெருக்கள் பல கடலை நோக்கி இறங்குவன. உப்புக்காற்று தகட்டை அரித்தது. மொரிஸ் மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை. அடித்தகடு உக்கினால் வண்டியே உக்கியதாகும். எனவே இயந்திரம் அறிந்தவரினும் தகரவேலை அறிந்தவரே முதன்மை பெற்றார் எனல் பொருந்தும். கராஜின் தலைமைக் கைவினைஞர் ‘பாஸ்’ எனப்பட்டார். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது.

1983 யூலை வன்செயலில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரியூட்டப்பட்டன. வீதியில் மறிக்கப்பட்ட வண்டிகளின் பெற்றோலே அத்தீக்கு உதவிய இடங்களுமுண்டு. வண்டிகளும் எரிந்தன. ஆண்டுக்கணக்கில் உறுப்பு உறுப்பாகக் காத்த உடைமை ஒரு பிற்பகலில் இரும்பாயிற்று. அவ்விழப்பை விலையால் மட்டும் மதிப்பிடுவது தவறாகும்.

1977இன் பின் வந்த யப்பானிய வண்டிகள் பழைய வித்தையின் தேவையைக் குறைத்தன. எனினும் அது முற்றாக அழியவில்லை. 1990களில் மொரிஸ் மைனர் உறுப்புகள் இலங்கையிலேயே செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாயின. 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் தடைப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கொழும்பு மறுபடியும் பழைய வண்டிகளைப் பேணியது. ஆயின் இப்போதைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் பெற்றோல் பம்பி தாங்கியினுள்ளே அமைந்துள்ளது. தட்டிப்பார்க்க உரிமையாளரின் கைக்கு அது எட்டுவதில்லை.